மூளை ஆராய்ச்சி படிக்க ஆசைப்படும் மகள்: பாலக்கோட்டு அம்மாவுக்குப் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று பயம் இருக்கிறது. தாய்மாமனுக்கு இருக்கும் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) மகளுக்கும் வந்துவிடுமோ, அவள் அதைப் பற்றியே படித்தால் ஊர் என்ன பேசும், படித்துவிட்டு என்ன வேலை கிடைக்கும்.

முதல் பயத்தை இப்போதே பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரலாம். தாய்மாமனுக்கு இருந்தால் அது நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று ஆகும், அவ்வளவுதான். நோயைப் பற்றிப் படிப்பதால் யாருக்கும் நோய் வராது. ஊர்ப் பேச்சைப் பொறுத்தவரை, மாமா மாத்திரை சாப்பிடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பெண் அவள். அவளிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை.

அவள் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ரத்தக்குழாய்க்கும் மாமா நோய்க்கும் என்ன சம்பந்தம்?' என்று எழுதி வைத்திருந்ததாகச் சொன்னீர்களே, அது மிக நல்ல கேள்வி. 1950களில் மருந்து வந்ததிலிருந்து டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள், நரம்பணு என்ற நரம்புச் செல் என்றுதான் பெரும்பாலும் ஆராய்ந்தார்கள். ஆனால் உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை ரத்தம் வழியாக எடுத்துக்கொள்கிறது. மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களை நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும்; தர்மபுரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம்.

இந்தக் குழாய்ச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருப்பதால், ரத்தத்தில் வரும் எல்லாமும் மூளைக்குள் புகுந்துவிட முடியாது. அப்படி ஒட்டவைக்கும் புரதங்களில் ஒன்று கிளாடின்-5. அதற்கான மரபணு 22ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு துண்டு இல்லாமலே பிறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பின்னாளில் மனச்சிதைவு வகை நோய் வருகிறது. அந்தத் துண்டில் வேறு பல மரபணுக்களும் இருப்பதால் பழியைக் கிளாடின்-5 மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் அப்படிப்பட்ட நோயாளிகளின் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த குழாய்ச் செல்களில் கசிவு தெரிந்திருக்கிறது. நோய்க்குக் கசிவு காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் தீரவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டுத் தம்பியின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் நன்றாக இருப்பது அதனால்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். ஆசை இருந்தால் நீட் எழுதட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. ஆனால் இவள் கேட்பது ஆராய்ச்சிக் கேள்வி. என் தெளிவான பரிந்துரை ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி-ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்வி. தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். உயிரியல்-கணிதப் பிரிவில் இருப்பது அவளுக்குப் பெரிய பலம். திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்களில் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவ அறிவியல்-பொறியியல் பட்டப்படிப்புக்கும் இதே தேர்வுதான் வாசல்.

இடம் கிடைக்காவிட்டால் தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் படித்து, எம்.எஸ்சி. முடித்து, அப்புறம் முனைவர் பட்டத்துக்குப் போகலாம். பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸில் மனச்சிதைவு பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன. ஓசூர் வழியாகப் போகிற அதே சாலையில்தான் இருக்கிறது. முனைவர் படிப்பில் உதவித்தொகை வரும். பிறகு ஆய்வகம், கல்லூரி, மருந்து நிறுவனம் என்று வேலை உண்டு. ஆனால் கைநிறையச் சம்பளம் வருவதற்குப் பத்து வருடமாவது ஆகும். அதை வீட்டில் உட்கார்ந்து இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு அவசர வேலையும் இருக்கிறது. மத்திய நிறுவனங்களில் நம் எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் செல்லாது, ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் (குடும்பம் வசதி வரம்பைத் தாண்டவில்லை என்பதற்கானது) தனியாக வேண்டும். விண்ணப்பம் தொடங்குமுன் இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மதிப்பெண் இருந்தும் இந்த ஒரு தாளில்தான் இடத்தை விடுகிறார்கள்.