ஹிரோஷிமா கல்படி நிழல்: கண்காட்சி அட்டையில் என்ன எழுதுவது?

ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்தபோது ஒரு வங்கியின் கல்படியில் தங்கிய மனித நிழலைப் பற்றி, "மனிதர் ஆவியாகிக் கல்லில் படிந்த நிழல்" என்று மகளின் கண்காட்சி அட்டையில் எழுதலாமா என்று கேட்டிருக்கீங்க. வேண்டாம், அது தவறு. நிழல் படியவில்லை, சுற்றியிருந்த கல்தான் வெளுத்தது.

1945 ஆகஸ்ட் 6, சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அதன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகவே வந்தது. இந்த வெப்பம் கதிராக, ஒளியின் வேகத்தில், நேர்கோட்டில் பாயும். வங்கி வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்தில் தங்கிவிட்டது. அதிர்ச்சி அலை அதற்குப் பிறகுதான் வந்தது. அதே வெப்பத்தால், கறுப்பு வடிவங்கள் போட்ட கிமோனோ (ஜப்பானிய உடை) உடுத்திய ஒரு பெண்ணின் முதுகில், கறுப்பு இருந்த இடங்களில் தீக்காயம் பதிந்தது. கறுப்பு வெப்பத்தை அதிகம் உறிஞ்சும்.

நீங்க பாம்பன்காரர்தானே? கரையில் மாதக்கணக்கில் கிடக்கும் வல்லத்தில் (மீன்பிடிப் படகில்), தார்ப்பாய் மூடிய பகுதியை விலக்கிப் பாருங்க. உள்ளே நீலச் சாயம் பளிச்சென்று இருக்கும், வெளியே வெளிறியிருக்கும். பிள்ளைக்கு அதைக் காட்டினாலே புரிந்துவிடும்.

ஒன்று மட்டும்: வல்லத்தை வெளுப்பது புற ஊதாக்கதிர், பல மாத வேலை. ஹிரோஷிமாவில் சில விநாடி வெப்பம். ஒப்புமை என்றே அட்டையில் குறிப்பிடுங்க. உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காட்டும் யோசனையையும் விட்டுடுங்க, பிள்ளைகள் கண் முக்கியம்.