திராவிட நாடு கோரிக்கை ஏன் வாக்கெடுப்புவரை செல்லவில்லை?

ஸ்காட்லாந்தைப் போல இங்கும், தென்னிந்தியாவைத் திராவிட நாடு என்ற தனி நாடாகப் பிரிப்பது குறித்து மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது எங்கள் சேலத்து மாநாட்டில்தான் என்பதால், இக்கேள்வி எனக்கு நெருக்கமானது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டே என் தாத்தா இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவார்.

ஸ்காட்லாந்தில் 2014-இல் வாக்கெடுப்பு நடந்ததற்குக் காரணம், அதற்கான அதிகாரத்தை 2012 உடன்பாட்டின்வழி லண்டன் அரசே வழங்கியதுதான். சுமார் 55 விழுக்காட்டினர் ஒன்றியத்திலேயே தொடர வாக்களித்தனர். இந்திய அரசமைப்பிலோ ஒரு மாநிலம் பிரிந்து செல்ல வழியே இல்லை. மாநிலங்களின் எல்லையை மாற்றும் அதிகாரமும் மூன்றாம் பிரிவின்படி நாடாளுமன்றத்திடமே உள்ளது.

1962-இல் மாநிலங்களவையில் தன்னுரிமை கோரிப் பேசிய அண்ணா, அதே ஆண்டு சீனப் போர் மூண்டதும் அக்கோரிக்கையை ஒத்திவைத்தார். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 1963-இல் வந்த பதினாறாம் திருத்தம் விதித்தபின், தி.மு.க. தேர்தல் களத்தில் நிற்பதா, கோரிக்கையில் நிற்பதா என்ற நிலை உருவாகி, கோரிக்கை கைவிடப்பட்டது.

ஆனால் சட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்வது முழு உண்மையாகாது என்பது என் உறுதியான கருத்து. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் திராவிட நாட்டைத் தம் கோரிக்கையாக ஏற்கவேயில்லை. எஞ்சிய வேட்கை மாநில சுயாட்சியாக உருமாறி, 1969-இல் மத்திய-மாநில உறவுகளை ஆராய அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழுவாகவும் 1974-இல் சட்டமன்றத் தீர்மானமாகவும் வெளிப்பட்டது.