சூப்பர் ஹீரோ பொம்மை வாகனங்கள்: சேகரிப்போர் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: வணக்கம் ஐயா. சூப்பர் ஹீரோ வாகனங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி அலமாரி நிறைந்துவிட்டது. எப்படி வரையறுத்துக்கொள்வது?

பதில்: ஏதேனும் ஓர் இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வாகனத்தின் பல வடிவங்களைத் தேடலாம், ஒரே நிறுவனத்தின் வெளியீடுகளைத் தேடலாம், அல்லது ஒரே அளவில் நிற்கலாம். பேட்மேனின் காரான பேட்மொபைலை மட்டும் எடுத்துக்கொண்டாலே 1966 தொலைக்காட்சித் தொடரின் கார், 1989 திரைப்படத்தின் நீண்ட மூக்குடைய கார், 2005 திரைப்படத்தில் வந்த ‘டம்ளர்’ என்ற கார் என்று ஒன்றோடொன்று ஒட்டுறவில்லாத உருவங்கள் கிடைக்கும். அளவைப் பொறுத்தவரை 1:64 (அசலில் 64இல் ஒரு பங்கு), 1:43, 1:24 ஆகியவைதான் அதிகம் புழங்குகின்றன. ஆனால் ஹாட் வீல்ஸ் போன்ற சிறிய கார்களில் 1:64 என்பதை அப்படியே நம்ப வேண்டாம். எல்லா வாகனங்களும் ஒரே அளவு விற்பனை அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பெரிய வண்டியைச் சுருக்கிவிடுவார்கள். அதனால்தான் பீரங்கி வண்டி போன்ற டம்ளரும் சாதாரணக் காரும் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நிற்கின்றன.

கேள்வி: கோர்கி பொம்மை நிறுவனத்தின் பழைய பேட்மொபைல் ஒன்று பெட்டியில்லாமல் விற்பனைக்கு வந்துள்ளது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: கோர்கி 267 என்ற எண்ணில் 1966இல் வெளியான இந்தக் கார்தான் இந்தத் துறையின் செல்லப் பிள்ளை. ஜார்ஜ் பாரிஸ், 1955இன் லிங்கன் ஃபியூச்சுரா என்ற, காட்சிக்காகச் செய்த முழு அளவு மாதிரிக் காரை மாற்றி அமைத்துத் தொடருக்குக் கொடுத்த வாகனத்தின் சிறு வடிவம் அது. முன்பக்கத்தில் சங்கிலியை அறுக்கும் கத்தி வெளியே துள்ளும். பின்னாலுள்ள மூன்று குழாய்களிலிருந்து ராக்கெட் பாயும். சக்கரம் உருளும்போது புகைக்குழாயில் தீச்சுடர் வடிவப் பிளாஸ்டிக் உள்ளும் புறமும் அசையும். ஆகவே முதலில் இவை மூன்றும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். கத்தி பாதியிலேயே நின்றுவிட்டால் உள்ளே சுருள்வில் தளர்ந்திருக்கலாம், அழுக்கும் சேர்ந்திருக்கலாம். அதற்காகக் காரையே ஒதுக்க வேண்டியதில்லை.

அடுத்து அடித்தகட்டைத் திருப்பிப் பாருங்கள். உடலையும் அடித்தகட்டையும் இணைக்கும் ரிவெட்டின் தலை வழவழப்பாக, தொடாமல் இருக்க வேண்டும். அங்கே துளையிட்ட தடமோ திருகோ தெரிந்தால் யாரோ பிரித்து வேலை செய்திருக்கிறார் என்று பொருள். பிரித்ததில் தவறில்லை, பிரித்ததைச் சொல்லாமல் அசல் என்று விலை சொல்வதுதான் தவறு. கருப்பு வண்ணத்தில் ஒட்டுவேலை செய்வது எளிது என்பதால், காரை விளக்குக்குச் சாய்வாகப் பிடித்து, இறக்கைகளின் கூர்முனைகளை மட்டும் கவனியுங்கள். அங்கே வண்ணம் உதிர்ந்து உலோகம் தெரிந்தால் அது இயல்பான தேய்மானம். மற்ற இடங்களில் பளபளப்பும் முனைகளில் மட்டும் மங்கலும் தெரிந்தால் பேனாவாலோ தூரிகையாலோ பூசியிருக்கிறார்கள்.

பின்பக்கத்தில் இழுவைக் கொக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 1967இல் பேட்படகை இழுத்துச் செல்லும் தொகுப்பு வந்தபோது கொக்கி சேர்ந்தது. கொக்கியில்லாதது முந்தைய வெளியீடு. பேட்மேன், ராபின் உருவங்கள், இளநீலக் கண்ணாடி, சட்டத்தோடு வார்த்த 12 மஞ்சள் ராக்கெட்டுகள் ஆகிய அனைத்துக்கும் இன்று புதிதாகச் செய்த மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. பெட்டிக்கும் அப்படியே. காரின் வயதுக்குப் பொருந்தாத வெள்ளை வெளேரென்ற அட்டை உட்புறமும் கூர்மழுங்கிய அச்செழுத்தும் நகல் பெட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும். என் கருத்தில், பாகங்கள் குறைந்த நேர்மையான கார், நகல் பாகங்களால் நிறைவு செய்த காரைவிட மேலானது.

கேள்வி: கதையில் வராத வண்டியில் ஹீரோவின் படத்தை ஒட்டி விற்கிறார்களே, அவற்றையும் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் அவற்றைத் தனி அலமாரியில் வைப்பேன். 1970களின் இறுதியில் இந்த வழக்கம் கொடிகட்டிப் பறந்தது. 1979இல் ஹாட் வீல்ஸ் தன்னிடமிருந்த வண்டிகளின் மேல் மார்வெல் நாயகர்களை அச்சிட்டு வெளியிட்டது. கோர்கியோ ஒரு மாஸ்டா பிக்கப்பின் பின்புறம் கூண்டு வைத்து, அதற்குள் ஹல்க்கை நிறுத்திவிட்டது. ஹல்க் எதற்காகக் கூண்டு வண்டியில் பயணிக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது! ஆயினும் அந்தக் கூண்டு உண்மையாகவே திறக்கும், உருவம் வெளியே வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வெறும் ஸ்டிக்கர் வண்டிகளோடு சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதுமில்லை. வலை வீசிப் பறக்கும் ஸ்பைடர்மேனுக்குக் கார் எதற்கு என்று தோன்றினாலும், 1974இலேயே காமிக்ஸில் அவருக்கு ஒரு கார் வந்துவிட்டது. 1978இல் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரிலோ அவருக்குக் காரோடு ராட்சத ரோபோவும் கொடுத்து, பொம்மையாகவும் விற்றார்கள். ஆகவே படம் ஒட்டியிருக்கிறதா என்பதைவிட, நாயகரின் இயல்பு வண்டியின் வடிவத்தில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே என் அளவுகோல்.

கேள்வி: என் ஹாட் வீல்ஸ் பேட்மொபைலின் அடியில் ஒரு பழைய ஆண்டு பொறித்திருக்கிறது. அது அந்த ஆண்டில் தயாரானதுதானே?

பதில்: இல்லை. அடியில் வார்த்திருக்கும் ஆண்டு, அந்த வடிவமைப்புக்கான உரிமை பதிவான ஆண்டு. அதே அச்சில் பல ஆண்டுகள் கழித்தும் வண்டிகள் வந்துகொண்டிருக்கும். தயாரான காலத்தை அறிய, அடித்தகட்டில் தனியே குத்தியிருக்கும் ஓர் எழுத்தையும் இரண்டு இலக்கங்களையும் தேடுங்கள். ஆங்கில எழுத்து ஆண்டையும் இலக்கங்கள் வாரத்தையும் குறிக்கும். 2008க்கு ‘ஏ’ என்று தொடங்கி, எண்களோடு குழம்பக்கூடிய ‘ஐ’, ‘ஓ’ இரண்டையும் விட்டுவிட்டு எண்ணினால், ‘எல்’ 2018ஆகவும் ‘பி21’இல் வரும் ‘பி’ (‘என்’னுக்கு அடுத்தது) 2021ஆகவும் அமையும்.

கேள்வி: அட்டையைப் பிரிக்கலாமா?

பதில்: அடுக்கடுக்காகக் கடைகளில் தொங்கும் சாதாரண வெளியீடு என்றால் பிரித்துக் கையில் எடுத்துப் பாருங்கள். அரிய வெளியீடாக இருந்து, அட்டை முனை மடங்காமலும் காரை மூடியிருக்கும் பிளிஸ்டர் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை மஞ்சளிக்காமலும் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு வாங்கி ஒன்றைப் பிரிக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை, இடம்தான் போகும்.

கேள்வி: டயர்கள் காட்சிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டன. இன்னொரு காரில் உலோகமே விரிசல் விடுகிறது. காப்பாற்ற முடியுமா?

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். மென்மையான டயரிலுள்ள நெகிழ்வூட்டும் வேதிப்பொருள் காலப்போக்கில் கசிந்து, பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். டயர்கள் பிளாஸ்டிக்கைத் தொடாதபடி காரின் வயிற்றுக்கு அடியில் சிறு கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். குறைந்தபட்சம் அமிலமற்ற அட்டைத் துண்டை இடையில் வையுங்கள். ஏற்கெனவே ஒட்டியதைப் பிடித்து இழுத்தால் சக்கர அச்சு வளையும். ஆகவே மெல்ல உருட்டி எடுங்கள்.

விரிசல் வேறு. இந்தக் கார்களை வார்ப்பது துத்தநாகத்தோடு அலுமினியம் சேர்ந்த கலவையில். அதில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால், ஈரக்காற்று பட்டு உள்ளிருந்தே அரித்து, உடல் உப்பி, வண்ணம் குமிழிட்டு, கடைசியில் பொலபொலவென உதிரும். இதற்கு மருந்து இல்லை. உலர்ந்த, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வைத்தால் வேகம் குறையும். பக்கத்துக் காருக்குத் தொற்றிக்கொள்ளும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது தொற்றுநோய் அல்ல. இரண்டு கார்கள் ஒன்றாக உதிர்ந்தால், இரண்டுமே கெட்ட கலவையில் வார்த்தவை என்றுதான் பொருள்.

கேள்வி: என்னிடமுள்ள பழைய கார்களை ஐந்து வயது மகனுக்கு விளையாடக் கொடுக்கலாமா?

பதில்: பழையவற்றைக் கொடுக்காதீர்கள். அக்கால வண்ணப்பூச்சில் ஈயம் இருந்திருக்கக்கூடும். ராக்கெட் போன்ற சிறு பாகங்கள் வாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. அவன் வயதுக்கு உரியது என்று அட்டையில் குறித்திருக்கும் புதிய பேட்மொபைல் ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதை அவன் சுவரில் மோதினாலும் எதுவும் சொல்லாமல் இருங்கள்.