ஆய்வக எலிக்கூண்டில் பனியன் கழிவும் கோழித் தீவனமும் போடலாமா?

ஈரோட்டுப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் விஸ்டார் எலிகளுக்கு (ஆய்வுக்கென வளர்க்கும் வெள்ளை எலி வகை)த் திருப்பூர் பனியன் கழிவைப் படுக்கையாகவும், பல்லடத்துக் கோழித் தீவனத்தை உணவாகவும் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

பனியன் கழிவில் நூல் பிரியும். எலி கடித்துக் குதறும்போது அது காலிலோ விரலிலோ சுற்றி இறுகும். ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து அழுகிவிடும். கண் திறக்காத குட்டிகளுக்கு இன்னும் ஆபத்து. மக்காச்சோளக் கதிரின் சக்கையை உடைத்து, தூசி சலித்து, ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) போடுங்கள். கூடு கட்ட வெள்ளை டிஷ்யூ பேப்பர் போதும்.

பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து பெரும்பாலும் கலந்திருக்கும். அதைத் தின்ற எலியில் நீங்கள் சோதிக்கும் மருந்தின் விளைவை எப்படிப் பிரித்தறிவீர்கள்? விலங்கை வதைத்ததும் வீண், முடிவும் வீண். எலிக்கான பெல்லட் தீவனமே வாங்குங்கள்.

படுக்கையை வாரம் இருமுறை மாற்றுங்கள். அறைக்குள் நுழைந்ததும் அம்மோனியா நெடி அடித்தால், சிறுநீர் ஊறிய படுக்கையை ஒட்டியே மூக்கு வைத்திருக்கும் எலிக்கு அது பலமடங்கு. நுரையீரல் நோயை அது மோசமாக்கும்.

சித்திரை வெயிலில் கரண்ட் போனால் ஏசி நிற்கும். வெப்பம் 29 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், ஜெனரேட்டர் கட்டாயம். தினமும் காலையில் தண்ணீர் பாட்டில் முனையிலுள்ள சின்ன உலோகக் குண்டை விரலால் தட்டிப் பாருங்கள். காற்றுக்குமிழி அடைத்திருந்தால் பாட்டில் நிறைந்திருக்கும், எலி தாகத்தில் கிடக்கும்.

படுக்கை, தீவனம் எதை மாற்றினாலும் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிலுள்ள கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.