தூதரகத்திலிருந்து ஒரு வட்ஸ்அப் அழைப்பு

வணக்கம் அக்கா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறிய மாதர் சங்கத்தில் வேலை செய்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பல எங்களோடு இருக்கின்றன. போன கிழமை கொழும்பிலுள்ள ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் அரசியல் பிரிவு அதிகாரி வட்ஸ்அப்பில் கதைத்தார். கிளிநொச்சிக்கு வருகிறாராம், ஹொட்டலில் சந்தித்துச் சும்மா கொஞ்சம் கதைக்கலாமாம், தனியே வந்தால் போதுமாம். போனால் பிறகு சீஐடி வீட்டுக்கு வருமோ என்று பயம். போகாவிட்டால் அம்மாமாரின் கதையைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துவிடுவேனோ என்று கவலை. என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

சந்தியுங்கள். ஆனால் தனியே வேண்டாம், ஹொட்டலிலும் வேண்டாம்.

தூதரக அதிகாரி ஒருவரைச் சந்திப்பது களவு வேலை இல்லை. ஒரு நாட்டின் நிலைமையைச் சட்டபூர்வமான வழிகளில் அறிந்து தன் அரசுக்கு அறிக்கை அனுப்புவது தூதரகத்தின் பணிகளில் ஒன்று என்று 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையே சொல்கிறது. உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே அவர் கேட்கலாம். நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லத் தொடங்கினால் கதையை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

‘சும்மா கதை’ என்று ஒன்று அவர்களிடம் கிடையாது. தேத்தண்ணி குடித்தபடி நீங்கள் சொல்வது பிறகு ஒரு அறிக்கையில் பந்தியாகிவிடும். அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை, அவருடைய உத்தியோகமே அதுதான். 2010இல் விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கிய இரண்டரை இலட்சம் அமெரிக்கத் தூதரகக் குறிப்புகளில் கொழும்பிலிருந்து போனவையும் இருந்தன. அடுத்த வருடம் அவை பெயர்கள் மறைக்கப்படாமலே வெளியே வந்தன. நாளைக்குப் பேப்பரில் வந்தாலும் பரவாயில்லை என்று படுவதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பெயர் அந்த அறிக்கையில் போனால் அது உங்கள் முடிவு. அடுத்தவரின் பெயர் அப்படி இல்லை. ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். மகனின் படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழுவுக்குக் கொடுத்ததன் போட்டோக்கொப்பி, எல்லாம் மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கும். அதை ஃபோனில் படம் எடுக்கலாமா என்று அந்த அதிகாரி கேட்கக்கூடும். கொப்பி உங்கள் அலுமாரியில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் ஓம் சொல்லிவிட முடியாது. எந்த நாடு, எதற்குக் கேட்கிறார்கள், பேப்பர் எங்கே போகும் என்று அந்த அம்மாவிடம் முதலே விளங்கப்படுத்திக் கேளுங்கள். இயக்கத்தில் இருந்து, போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு முகாமை முடித்து வந்த இன்னொரு மகன் அவரோடு வீட்டில் இருக்கலாம். அந்த அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்டு நெருக்காதீர்கள்.

போர் நெருங்கிய நேரம், 2008 செப்டெம்பரில் அரசு ஐ.நா. அமைப்புகளை வன்னியை விட்டுப் போகச் சொன்னது. கிளிநொச்சியில் அவர்களின் அலுவலக வாசலில் எங்கள் சனம் நின்று போகவேண்டாம் என்று மன்றாடியது. அவர்கள் போய்விட்டார்கள். தங்கள் பக்கம் பெரிய தவறு நடந்தது என்று ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை சொல்ல 2012 ஆகிவிட்டது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்துக்கு இருந்த அம்மாமார் எத்தனை பேரிடம் தங்கள் கதையைச் சொல்லிவிட்டார்கள்! பிள்ளை எங்கே என்ற பதில் மட்டும் வரவில்லை. இந்தத் தூதரக அதிகாரி வந்தால் ஏதாவது நடக்கும் என்று ஆசை காட்டி யாரையும் கூட்டிப்போகாதீர்கள்.

அப்படியென்றால் ஏன் சந்திக்கச் சொல்கிறேன்? 2021 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி நிறைவேற்றிய 46/1 தீர்மானம் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க வழிசெய்தது. அப்படியான வாக்கெடுப்புகளுக்கு முன் அந்தந்த அரசுகளின் மேசைக்குக் கொழும்பிலிருந்து அறிக்கைகள் போகும். அவற்றில் ஒட்டுசுட்டானும் இருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அதிகாரியை உங்கள் சங்க அலுவலகத்துக்கே பகல் நேரத்தில் வரச் சொல்லுங்கள். தலைவியும் செயலாளரும் கூட இருக்கட்டும். மொழிபெயர்க்க உங்களுக்குத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்புக் கொப்பியில் திகதி போட்டு எழுதிவையுங்கள். சீஐடி வந்து கேட்டால், வந்தார், இதைக் கேட்டார், இதைச் சொன்னோம் என்று நேரே சொல்லலாம். எல்லோரும் அறிய நடந்த சந்திப்பு என்றால் அவர்கள் அதில் தோண்டி எடுக்க ஒன்றும் இருக்காது. வட்ஸ்அப்பில் பெயர், ஊர் எதையும் எழுதாதீர்கள். விசா அலுவலை இதோடு கலக்கவே வேண்டாம்.

அப்புறம், அவர் வெளிக்கிடும்போது ஒன்று கேளுங்கள்: நாங்கள் சொன்னது எங்கே போனது, என்ன நடந்தது என்று இரண்டு மாதத்தில் ஒரு கடிதம் எழுதுவீர்களா? எழுதினால் அம்மாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுதாவிட்டால், அடுத்தமுறை அழைப்பு வரும்போது முதலில் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா