கடற்காற்றும் காரின் மினுக்கமும்

கேள்வி: கடற்கரைக்குக் கிட்ட வீடு. கறுப்புக் காரின் கூரை மங்கிவிட்டது. பொலிஷ் போடுவதா, வக்ஸ் போடுவதா? – வாசகர், கல்லடி

பதில்: இரண்டுக்கும் வேலை வேறு. பொலிஷ் மேல்படையை மெல்லத் தேய்த்து மினுக்கும். வக்ஸ் அதன்மேல் காவலாகப் படியும். உங்களுக்கு இரண்டுமே வேண்டும், பொலிஷ் முதலில்.

அதற்கும் முன் கார் ஷாம்பூவால் உப்பையும் மணலையும் நன்றாகக் கழுவுங்கள். மணலோடு துணி வைத்தால் சிலந்திவலைபோலக் கீறல் விழும். கறுப்பில் அது பளிச்செனத் தெரியும். நிழலில், தகடு ஆறியபின், 2 அடிச் சதுரத்துக்கு 3 பட்டாணியளவு பொலிஷ் போதும். வெள்ளைத் துணியில் கறுப்பு ஏறினால் கிளியர் கோட் (நிறத்தின் மேலே பூசும் நிறமற்ற காப்புப் படை) இல்லையென்று அர்த்தம், அழுத்தித் தேய்க்காதீர்கள். கூரை தோலாக உரிந்திருந்தால் திரும்பப் பெயின்ட் அடிப்பதுதான் வழி.

கர்னோபா என்ற இயற்கை வக்ஸ் நம்மூர் வெயிலில் சில வாரமே நிற்கும். வக்ஸின் வேலையையே செய்யும் செயற்கை சீலன்ட் மாதக்கணக்கில் தாங்கும், அதையே வாங்குங்கள். பிளாஸ்டிக் விளிம்புகளில் வக்ஸ் பட்டால் வெள்ளைக்கறை பிடிக்கும், முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள்.