யு.எஸ்.எம். தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறாள்!

கேள்வி: மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். யு.எஸ்.எம்.மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்) மெக்கானிக்கல் இன்ஜினியரிங் தவிர எதற்கும் விண்ணப்பிக்க மாட்டாளாம். அவள் அப்பாவோ கல்விக் கண்காட்சியிலிருந்து தனியார் கல்லூரிக் கையேடுகளாக அள்ளி வந்திருக்கிறார். விண்ணப்பிக்க வேண்டிய இடங்களின் பட்டியலை எங்கே தொடங்குவது?
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு பொறியியல் பட்டப்படிப்பில் போய் உட்கார முடியாது. நடுவில் மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், டிப்ளோமா, தனியார் ஃபவுண்டேஷன் என்று பட்டப்படிப்புக்குக் கொண்டுசெல்லும் ஏதாவது ஒரு படி உண்டு. இப்போது தேவை அந்தப் படிக்கான பட்டியல்தான். இதைச் சொன்னாலே வீட்டில் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

பட்டியலைக் கீழிருந்து எழுதுங்கள். எப்படியும் கிடைக்கும், கிடைத்தால் முகம் சுளிக்காமல் போவாள் என்கிற இடம் முதலில் வரட்டும். பல பிள்ளைகளுக்கு அது ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டு, 3 தவணை. அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். கஷ்டம்தான், ஆனால் செலவு குறைவு, வெளிநாட்டிலும் செல்லும். அரசாங்க மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடிந்துவிடும். பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதவர்களுக்கான ஒதுக்கீடு 10 விழுக்காடுதான் என்பதால், விண்ணப்பியுங்கள், அதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள். அரசு உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் தளமான யு.பி.யு.வில் பாலிடெக்னிக் டிப்ளோமாக்களையும் சேர்க்கலாம்.

அப்புறம், மகளிடம் ஒன்று கேளுங்கள்: அவளுக்கு வேண்டியது யு.எஸ்.எம்.மா, மெக்கானிக்கலா? மெக்கானிக்கல் என்றால் பெர்லிஸில் யுனிமாப், மலாக்காவில் யூடெம், பத்து பஹாட்டில் யு.டி.எச்.எம். என்று வேறு அரசுப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. யு.எஸ்.எம்.தான் என்றால், பொறியியல் வளாகம் பினாங்குத் தீவில் இல்லை, உங்கள் பக்கம் பெருநிலத்தில் நிபோங் திபாலில் இருக்கிறது. தீவிலுள்ள கெளுகோர் முதன்மை வளாகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பாலம்கூடத் தாண்ட வேண்டாம், ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அப்பாவின் கையேடுகளுக்கு வருவோம். அட்டைப் படத்தை விடுங்கள், படிப்பின் முழுப்பெயரை படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பான எம்.க்யூ.ஏ.வின் இணையதளப் பதிவேட்டில் தேடுங்கள். அங்கீகாரம் படிப்புக்குத்தான், கல்லூரிக்கு அல்ல. ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு முழு அங்கீகாரமும் இன்னொன்றுக்குத் தற்காலிக அங்கீகாரமும் இருக்கலாம். புதிய படிப்பு என்றால் அது சகஜம்தான், மோசடி இல்லை. பொறியியல் பட்டம் என்றால் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலையும் பாருங்கள். பின்னாளில் பொறியாளர் வாரியத்தில் பதிவதற்கு அது முக்கியம்.

கட்டணத்தை ஃபவுண்டேஷனோடு சேர்த்து 5 ஆண்டுக்கும் எழுதி வாங்குங்கள். 'பாதி ஸ்காலர்ஷிப்' என்றால் அது எத்தனை ஆண்டுக்கு, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பதில் இழுத்தடித்தால் அந்தக் கையேட்டை ஓரமாக வைத்துவிடலாம்.